கேஷ் சர்வர் ரிப்போர்ட்ல வர்ற கணக்கு பத்தி புகார்

சார் வணக்கம்,

போன வருஷம் எங்க ஹாஸ்டலுக்கு நீங்க போட்டுக்குடுத்த கேஷ் சர்வர் (ஒரு தடவ எறக்குனத சேத்து வச்சு, அடுத்த ஆளு கேட்டா லைன தொடாம குடுக்குற மெஷின்) விஷயமா எழுதுறேன். போன்ல மூணு தடவ சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் வேற வேற தம்பி எடுத்து ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்ங்குறாரு, ரீஸ்டார்ட் பண்ணா கணக்கு சரியாயிடுமா?

மாசாமாசம் மெயில்ல வர்ற ரிப்போர்ட்ல மேலயே பச்சை கலர்ல ஹிட் ரேஷியோ (கேட்டதுல எவ்ளோ சேத்து வச்சதுலேர்ந்தே குடுத்துச்சுங்குறது) 41 பர்சென்ட்னு கொட்டை எழுத்துல இருக்கு. அத நம்பி நானும் ஓனர்ட்ட லைன்ல பாதி மிச்சம் சார்னு சொல்லிட்டேன், ஆனா ராத்திரி 8 மணி ஆனா நெட் படுத்துக்கிது, பசங்க என் ரூம் வாசல்ல வந்து நிக்கிறாங்க. சந்தேகம் வந்து ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து அந்த சர்வர்ல ஓடுற ஸ்க்விட் சாஃப்ட்வேரோட ஆக்சஸ் லாக்க (ரிக்வெஸ்ட்ட வரி வரியா எழுதி வைக்கிற ஃபைல்) தொறந்து வரி எண்ணுனேன். உங்க ரிப்போர்ட்ல இருக்குற மொத்த ரிக்வெஸ்ட்ட விட லாக்ல வரி பல மடங்கு ஜாஸ்தி. விட்டுப்போனது எல்லாமே டிசிபி டனல் வரி, அதாவது பூட்டுன டேட்டா அப்படியே கடந்து போனதுக்கான வரி! யூடியூப், இன்ஸ்டா எல்லாம் எச்டிடிபிஎஸ்ல வர்றதால ஸ்க்விட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, கேஷும் ஆகாது, ஒரே ஒரு டனல் வரியில 312 எம்பி போயிருக்கு. ஹிட்னு வர்றது பூரா 1 கேபி 2 கேபி ஐகான். அந்தப் பெரிய வரிய எல்லாம் கழிச்சுட்டு ஐகானுக்கு மட்டும் பர்சென்ட் போட்டா 41 என்ன, 90 கூட வரும். பைட் கணக்குல, அதாவது எவ்ளோ டேட்டாங்குற கணக்குல, நான் போட்டுப் பாத்தது 3 தான் சார். ஸ்க்விட்டோட கேஷ் மேனேஜர் பக்கத்துலயே ரிக்வெஸ்ட்டுக்கு எவ்ளோ, பைட்டுக்கு எவ்ளோன்னு தனித்தனியா காட்டுது, அத மறைக்கணும்னு தான் மெனக்கெட்டிருக்கீங்க.

அடுத்தது டிராபிக் கிராஃப். எங்களுது 200 எம்பிபிஎஸ் லைன். ராத்திரி கிராஃப் 110 வரைக்கும் ஏறுது, பொசுக்குனு 5க்கு விழுது, அப்பறம் மெதுவா 85க்கு வந்து அங்கயே நிக்கிது. அத வச்சு உங்க ஆளு லைன் காலியா தான் சார் இருக்குங்குறாரு. கிராஃப் போடுற எம்ஆர்டிஜி சாஃப்ட்வேர, மெஷின்கிட்ட கணக்கு கேட்டு வாங்குற எஸ்என்எம்பி முறையோட வெர்ஷன் 1ல விட்டிருக்கீங்க, அது 32 பிட் கவுன்ட்டர், 429 கோடி பைட் ஆனதும் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி திரும்ப சைபர்லேர்ந்து ஓடும். 200ல ஃபுல்லா ஓடுனா அதுக்கு 3 நிமிஷம் கூட ஆகாது, நீங்க படிக்கிறதோ 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. நடுவுல ஒரு சுத்து காணாமப் போயிடுது, 200 போறப்ப 85னு காட்டுது. லைன் நெரம்ப நெரம்ப கிராஃப் கம்மியாகுது, இதப் பாத்து நான் யார்ட்ட என்னன்னு சொல்ல?

வெர்ஷன் 2சிக்கு மாத்தி 64 பிட் கவுன்ட்டர் வைங்க, ரிப்போர்ட்ல டனலையும் சேத்து பைட் பர்சென்ட் போடுங்க, போன 6 மாச ரிப்போர்ட்டையும் திருத்தி அனுப்புங்க. லாக் எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஏஎம்சி (வருஷ மெயின்டனன்ஸ்) பில்லும் என் டேபிள்ல தான் கெடக்கு, திருத்துன ரிப்போர்ட் வந்த அன்னிக்கு தான் ஓனர்ட்ட கையெழுத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
ஹாஸ்டல் நெட்வொர்க் பாத்துக்குறவன்