பாவலருக்கு, அமெரிக்காவின் டர்ஹாமிலிருந்து

அன்புள்ள பாவலருக்கு, ஸ்தோத்திரம்.

உம்முடைய கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த கவிதையும் வந்து மாதக்கணக்காகிறது. நான் பதில் போடாததற்குக் கவிதைதான் காரணம் என்று நினைத்திருந்தால் பாதி சரி. மாரிக்கு எதுகை தேடி ஏரிக்கரை வரை போயிருக்கிறீர். பாளையங்கோட்டையில் ஏது வே ஏரி? நாம் விழுந்து எழுந்ததெல்லாம் குளத்தில்தானே?

இங்கே எல்லாரும் சுகம். என் முட்டுவலியும் சுகமாகவே இருக்கிறது. பேரன் தமிழில் கோபப்படக் கற்றுக்கொண்டுவிட்டான்; மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். அண்ணியின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீர் எழுதவே இல்லை. இருமலைப் பற்றி மட்டும் எட்டு வரி எழுதியிருந்தீர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீடு வாங்கப் போகிறார். வால்டவுன் என்கிற பகுதியில். இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து நடந்தே போகலாம், நான் ஞாயிற்றுக்கிழமை போகிற சபையும் அங்கேதான். கிழவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று மகள் கேட்கிறாள். எனக்கோ அந்தப் பேச்சு வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நீரும் வேலை இல்லாத ஆள்தானே, படியும்.

தமிழ் ஆராதனை கேரி என்கிற பக்கத்து ஊரில் நடக்கிறது. காரில் அரைமணி நேரம். இவர்களுக்கு ஞாயிறு டியூட்டி வந்துவிட்டால் நான் யூடியூபில் நம் சேகரகுரு மைக்கில் இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதற்கு நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறதோ அங்கே போவோம் என்று போனேன். அது கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபை. பெண்கள் தலையில் பெரிய பெரிய தொப்பி. வாசலில் வெள்ளைக் கையுறை போட்டவர்கள் இடம் காட்டி உட்கார வைக்கிறார்கள். பிரசங்கியார் ஒரு வரி சொன்னால் ஜனங்கள் அரை வரி திருப்பிச் சொல்கிறார்கள். நம் பெரியகோயிலில் பிரசங்க நேரத்தில் நீர் விடும் குறட்டை அங்கே நடக்கவே நடக்காது.

கைதட்டல்தான் எனக்கு வரவில்லை. கீர்த்தனைக்கு முதல் அடியில் தட்டிப் பழகிய கை. இவர்கள் இரண்டிலும் நாலிலும் தட்டுகிறார்கள். சபையின் மூத்த பெண்களை 'மதர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த மதர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் தட்ட வைத்தார். மிருதங்கக்காரர் மகனுக்கு வந்த கேவலத்தைப் பாரும்! அப்பா இருந்திருந்தால் மிருதங்கத்தாலேயே போட்டிருப்பார்.

இந்தக் கைதட்டலுக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1971. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பில் ரிடிக் என்பவர் பத்து நாள் ஊர்க்கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அதற்கு இணைத்தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆன் அட்வாட்டர். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், ஒழுகுகிற வாடகை வீடுகளுக்காகச் சண்டை போட்டுப் பெயர் எடுத்த கறுப்பினப் பெண்மணி. இன்னொருவர் சி.பி. எல்லிஸ், கூ க்ளக்ஸ் க்ளான் என்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் உள்ளூர்த் தலைவர். அதற்கு முன்னால் ஒரு நகரசபைக் கூட்டத்தில் எல்லிஸ் பேசிய பேச்சைப் பொறுக்காமல் அந்த அம்மாள் கத்தியையே எடுத்துவிட்டார். கூட இருந்தவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். இந்த இருவரைத்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

கூட்டம் நடந்த இடத்தில் க்ளான் தன் துண்டுப் பிரசுரங்களைப் பரப்பி வைத்தது. கறுப்பின இளைஞர்கள் கிழித்தெறியப் போனார்கள். தடுத்தவர் அட்வாட்டர்தான். ஒருவன் எதைப் படித்து இப்படி நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றாராம். மாலையில் சபைப் பாட்டு. எல்லிஸ் தாளம் தப்பித் தட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒருநாள் இருவரும் தனியாகப் பேசியபோது, நம்மால் நம் பிள்ளைகள் பள்ளியில் படும் பாடு ஒன்றுதான் என்று கண்டு அழுதிருக்கிறார்கள். பத்தாம் நாள் எல்லிஸ் எல்லார் முன்னாலும் தன் க்ளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்தார்.

இங்கே இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அட்டையைக் கிழித்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. எல்லிஸைப் பழைய கூட்டாளிகள் ஒதுக்கினார்கள், மிரட்டினார்கள். அவர் தொழிற்சங்கத்துக்குப் போனார். பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்த சங்கம், அவர்களே அவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2005-ல் அவர் செத்தபோது அட்வாட்டர் அடக்க ஆராதனையில் குடும்பத்தாரோடு உட்கார்ந்தார். அந்த அம்மாள் இறந்தது 2016-ல்.

இன்னொன்றும் கவனித்தீரா? இரண்டு பேரும் ஏழைகள். எல்லிஸ் பெட்ரோல் பங்க் வைத்துக் கடனில் முழுகியவர், அந்தச் சமயத்தில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு வேலை. ஊரில் நிலமும் பாங்கும் வைத்திருந்த வெள்ளைப் பெரிய மனிதர் ஒருவருக்கும் எழுந்து நின்று எதையும் கிழிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அவர்களிடம் அட்டையே கிடையாது, பத்திரம்தான் இருந்தது.

பத்திரம் என்றதும் வால்டவுனுக்கு வருகிறேன். ஜார்ஜ் வால் என்பவர் அடிமையாகப் பிறந்தவர். ட்ரினிட்டி கல்லூரி 1892-ல் டர்ஹாமுக்கு இடம் மாறியபோது அதில் வேலை பார்த்த இவரும் கூடவே வந்தார். 1906-ல் ஒன்ஸ்லோ தெருவில் மனை வாங்கினார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் வால்டவுன். அந்தக் கல்லூரிதான் பிறகு ட்யூக் ஆனது. கூட்டுகிறவர்கள், சமைக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் எல்லாம் இந்தத் தெருக்களிலிருந்துதான் அங்கே போனார்கள். வாலின் மகனும் அங்கேதான் காலமெல்லாம் உழைத்தார். 1953-ல் அவர் இறந்தபோது தன் சிறு சேமிப்பிலிருந்து 100 டாலரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அப்போது அவர் நிறத்துப் பிள்ளை ஒன்றுகூட அங்கே மாணவனாக நுழைய முடியாது. இளநிலை வகுப்பில் முதல் ஐந்து கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963-ல்தான். இந்த 100 டாலர் கதையைப் பெருந்தன்மைக்கு உதாரணமாக ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நீராக இருந்தால் இந்நேரம் வெண்பா எழுதியிருப்பீர்.

அப்புறம் 2003-ல் ஜோனதன் வில்சன் ஹார்ட்குரோவ், லேயா என்ற இளம் வெள்ளைக்காரத் தம்பதி இங்கே வந்து ருட்பா இல்லம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். போர் நடக்கும்போது ஈராக்குக்குச் சமாதானக் குழுவோடு போனவர்கள். திரும்பும் வழியில் அவர்கள் கூட்டத்தின் கார் ஒன்று கவிழ்ந்து அடிபட்டவர்களை, வழியில் போன ஈராக்கியர் ருட்பா என்ற ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாளைக்கு முன்புதான் உங்கள் நாடு எங்கள் ஆஸ்பத்திரியில் குண்டு போட்டது, ஆனாலும் பார்க்கிறோம் என்று சொல்லி டாக்டர் தையல் போட்டாராம். காசும் வாங்கவில்லை. அந்த ஊர்ப் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார்கள். வீடில்லாதவர், ஜெயிலிலிருந்து வந்தவர், யார் வந்தாலும் ஒரே மேசையில் சாப்பாடு, சேர்ந்து ஜெபம். கறுப்பினச் சபைக்கு மேய்ப்பராக வரவில்லை, உறுப்பினராக வந்து உட்கார்ந்தார்கள். ஆன் அட்வாட்டரிடமே பாடம் கேட்டார் அந்த மனிதர். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்குப் போய்க் குடியிருப்போம் என்பது அப்படிப்பட்டவர்களின் முதல் கொள்கை. அந்த இடத்தை இன்றைக்கு எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். பழைய மர வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி, கறுப்பு ஜன்னல், வாசலில் மின்சாரக் கார். பழைய வீட்டுக்காரர்களுக்குத் தபாலில் அட்டை வருகிறது: உங்கள் வீட்டை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோம் என்று. பக்கத்து மனை விலை ஏறினால் இவர்கள் வீட்டு வரியும் ஏறும். 2025-ல் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரி, வீட்டு மதிப்பை மறுபடி கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு காணிக்கை நேரத்தில் வரியைப் பற்றித்தான் முணுமுணுப்பு.

இப்போது புரிகிறதா என் தூக்கம் எங்கே போனது என்று? மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மாமா, நாம வெள்ளைக்காரங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பாங்க்காரன் அவர் சம்பளச் சீட்டைத்தான் பார்ப்பான், நிறத்தையா பார்க்கப் போகிறான் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மகள் குறுக்கே வந்து, நீங்க அவங்ககூட உட்கார்ந்து பாடலாம், நாங்க பக்கத்துல குடியிருக்கக் கூடாதா என்றாள். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும் அவளை.

இந்த ஊருக்கு வீடு போவது புதிதில்லை வே. ஹேட்டி என்று தெற்கே ஒரு பகுதி இருந்தது. கறுப்பின மக்களின் கடை, தியேட்டர், கோயில் எல்லாம் நிறைந்த இடம். நகரப் புதுப்பிப்பு என்று சொல்லி 1960-களில் இடிக்கத் தொடங்கி நெடுஞ்சாலையை நடுவே போட்டார்கள். 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், 500 தொழில்கள் இடம்பெயர்ந்தன. 1960 பிப்ரவரி 16 அன்று மார்ட்டின் லூதர் கிங் அங்கே ஒயிட் ராக் பாப்டிஸ்ட் கோயிலில் நின்று, சிறைக்குப் போக அஞ்ச வேண்டாம் என்று மாணவர்களிடம் பேசினார். அந்தக் கட்டிடமும் இடிபட்டது. மகள் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சாலை வழியாகத்தான் போகிறாள்.

சபையில் என் மணிக்கட்டைப் பிடித்த மதரிடமே கேட்டுவிட்டேன். பெரிய வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எந்த வீடு, என்ன விலை என்று கேட்டு, விலையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டம்மாள் போய்விட்டார், பிள்ளைகள் அட்லாண்டாவில்; யார் கூடுதலாகக் கொடுத்தாலும் விற்றுவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம், "உன் மருமகன் புல் வெட்டுவானா? போன வாடகைக்காரன் வெட்டவே இல்லை" என்று கேட்டார். பாஸ்டர் மட்டும் பக்கத்திலிருந்து, வியாழக்கிழமை பகுதிச் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டு அப்புறம் விலை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். மூடிக்கிடக்கும் நார்த்கேட் மால் இடத்தில் என்ன கட்டப் போகிறார்கள், அதில் இந்த ஜனங்களுக்கு வாடகை கட்டுப்படியாகிற வீடு உண்டா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த சங்கம் அது.

உமக்கு இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உம்முடைய அம்மா ஊர் வடக்கன்குளம். கால்சட்டைக் கோயில் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே. ஒரே பீடம், சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். அந்தச் சுவரை 1910-ல் இடித்தார்கள். சுவர் போன பிறகு எத்தனை வீட்டில் பெண் கொடுத்து எடுத்தார்கள் என்று உம் ஆச்சி சொல்லியிருக்கிறாரே, நினைவிருக்கிறதா? நம் சபையில் மட்டும் என்ன? அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, மணியடிக்கிறவர் மகள் விஷயம் வந்தபோது நாம் இரண்டு பேரும் எந்தப் பக்கம் நின்றோம்? அதைப் பற்றி நாம் இதுவரை பேசவே இல்லை. கடிதத்தில் வேண்டாம், ஊருக்கு வரும்போது பேசுவோம். பேசித்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளை வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை விலை கொடுக்கக் கடைசி நாள். என் மனசு இந்த நிமிஷம் வேண்டாம் என்கிறது. ஆனால் நாங்கள் வாங்காவிட்டால் இடித்துக் கட்டுகிறவன் வாங்குவான் என்று மகள் சொல்வதும் பொய்யில்லை. நாங்கள் வாங்கினால் அந்த மர வீடாவது நிற்கும். உம்முடைய கருத்தை உடனே எழுதும். வாட்ஸாப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர், கவிதையும் வேண்டாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். அந்த இருமலுக்கு முதலில் டாக்டரைப் பாரும்.

உம்முடைய
பழைய பெஞ்சுக்காரன்