பாப்பா வருவதற்கு முன்னால் தம்பிக்கு

கடலூர்,
சித்திரை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அக்கா மகளைப் பற்றி நீ கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "பாப்பா பள்ளிக்கூடத்துல வாயே திறக்கறதில்லையாம், அக்கா அழுவுறா. பத்து நாள் லீவு போட்டு வரேன். மேடைப் பயம் போக்கற வகுப்பு ஏதாவது அங்கே இருந்தா சேர்த்துவிடலாமா?" என்று கேட்டாய். வா, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. உன் எட்டு வயது ஞாபகத்துக்கு வந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். உனக்கு நினைவிருக்கும். மைக்கை உன் கையில் கொடுத்து, பத்துக் குறள் சொல்லு என்று நான்தான் உன்னை முன்னால் தள்ளினேன். வீட்டில் கடகடவென்று ஒப்பித்தவன் அங்கே நின்றுபோனாய். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, நாலு பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன். அன்றைக்கு வழி முழுக்க நீ என் முந்தானையைப் பிடிக்கவே இல்லை. அது இன்னும் என் மனசில் உறுத்துகிறது. தப்பு என்னுடையது, தம்பி. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் நீ எப்படித் தேறினாய் தெரியுமா? உனக்கே முழுசாகத் தெரியாது. உன் பண்ருட்டி மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த வருஷ முழுப்பரீட்சை லீவுக்கு உன்னை அவர் கூட்டிக்கொண்டு போனார் அல்லவா? பலாப்பழக் கடையில் உட்காரவைத்து, இதைத் தட்டு, என்ன சத்தம் வருது சொல்லு என்று மட்டும் கேட்பாராம். காய் என்றால் கெட்டியாக ஒலிக்கும். பழுத்தது என்றால் 'தொப்'பென்று அடங்கி ஒலிக்கும், முள் அகன்று மழுங்கியிருக்கும், வாசனை காட்டிக்கொடுக்கும். ஒரு வாரம் நீ தப்புத்தப்பாகச் சொன்னாயாம். அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. பழத்தை வெட்டி உன் எதிரே வைத்துவிட்டு, பார்த்துக்கோ என்பாராம்.

ஒருநாள், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், எதிரே புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு பெரியவர் வந்து, இன்றைக்கே வெட்டுகிற மாதிரி பழம் வேண்டும் என்றாராம். நாலைந்தைத் தட்டிவிட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தாய். அவர் சந்தேகமாகப் பார்த்ததும், "சாயங்காலமே வெட்டிடுங்க, நாளைக்கு வெச்சீங்கன்னா கொழகொழன்னு ஆயிடும்" என்றாயாம். இரண்டு நாள் கழித்து அதே பெரியவர் வந்து, அந்தப் பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். மாமா உன்னை ஒரு வார்த்தை புகழவில்லை. மறுநாளிலிருந்து பழம் தட்டுகிற வேலையை மொத்தமாக உன்னிடம் விட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. லீவு முடிந்து வந்த பிள்ளை வேறு பிள்ளையாக இருந்தான்.

அதனால் வகுப்பு வேண்டாம். காது குத்தும்போது உன் மடியில் உட்கார்ந்த பெண் அவள். தாய்மாமன் நீ இருக்கிறாய், வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. அவளை நம்பி நிஜமான வேலையாகக் கொடுப்போம். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், நீயும் யோசித்துக்கொண்டு வா.

முதலில் நம் தெருமுனை அண்ணாச்சி கடை. சென்னையில் போனைத் தட்டினால் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்குகிற சந்தர்ப்பமே பாப்பாவுக்கு வந்ததில்லை. கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, கால் கிலோ சர்க்கரை வாங்கி வா என்று அனுப்பு. முதல் நாள் கடை வாசல் வரை கூடப் போ. இரண்டாம் நாள் வேப்பமரத்தடியில் நில். மூன்றாம் நாள் நம் வாசற்படியிலிருந்து பார். சில்லறை தப்பாக வந்தாலும், சர்க்கரைக்குப் பதில் உப்பு வந்தாலும், திரும்பப் போய் மாற்றி வாங்குவதும் அவளாகவே இருக்கட்டும். நீ போகாதே. அண்ணாச்சியிடம் நான் ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: பிள்ளை கேட்டால் பின்னால் நிற்கிற பெரியவங்க முகத்தைப் பார்க்காமல் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்க என்று. அவர் சிரித்தார், சரி என்றார்.

இன்னொன்று. யாராவது அவளிடம் கேள்வி கேட்டால் அவளுக்குப் பதிலாக நீ பேசிவிடாதே. மனசுக்குள் பத்து வரை எண்ணு. பெரும்பாலும் எட்டுக்குள் பதில் வந்துவிடும். போன தடவை வந்தபோது நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஓயாமல் பேசுகிற பிள்ளை அவள். சென்னையில் அவர்கள் மாடியில் வருகிற பூனையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் சொன்னாள்.

கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வெளியே கூட்டிக்கொண்டு போகாதே. மதியத்துக்குப் பல்லாங்குழியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று எழுபது புளியங்கொட்டை எண்ணி டப்பாவில் போட்டாயிற்று. ஆனால் விளையாட்டை அவளுக்கு நீ சொல்லித்தராதே. முதலில் நான் அவளுக்குப் பழக்கிவிடுகிறேன், அப்புறம் அவள் உனக்குச் சொல்லித்தரட்டும். உனக்கு மறந்துதான் போயிருக்கும், நடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. தனக்குத் தெரிந்ததைப் பெரிய மனுஷனுக்குச் சொல்லிக்கொடுக்கிறபோது ஒரு பிள்ளையின் குரல் மாறுவதைக் கேட்டுப் பார். அப்புறம் முக்கியமான விஷயம், வேண்டுமென்றே தோற்காதே. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நன்றாகவே விளையாடு. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே முடியும் என்று அவள் விரலால் எண்ண ஆரம்பிப்பாள். என்றைக்காவது நிஜமாகவே உன்னை ஜெயிப்பாள்.

காலையில் வாசலில் பாதி இடம் அவளுக்கு. ஐந்து புள்ளிக் கோலம் போதும். கோணலாக வந்தாலும் நான் அழித்துத் திருத்த மாட்டேன், நீயும் சூப்பர் என்று சொல்லாதே. நேற்று மூன்று இடத்தில் கோடு அறுந்தது, இன்றைக்கு ஒரு இடத்தில்தான் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவது பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் உன் அக்கா அந்தக் கரைக்குப் போனதே இல்லை. தன் பயத்தை வாயால் சொல்லாமலே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை, நாம் பார்த்தது அப்படி. விடியற்காலை வெயில் ஏறுமுன் கூட்டிக்கொண்டு போ. ஒரு குச்சியைக் கொடுத்து, உன்னால் எதுவரை வர முடியுமோ அங்கே நட்டுவை என்று சொல். காய்ந்த மணலிலேயே நட்டாலும் சரி, அங்கேயே உட்கார்ந்து மணல்வீடு கட்டுங்கள். மறுநாள் குச்சி எங்கே என்பதை அவள் முடிவு செய்யட்டும், பின்னால் நகர்த்தினாலும் ஒன்றும் சொல்லாதே. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அங்கே அலை உள்ளே இழுக்கும், தைரியம் வரட்டும் என்று கடலோடு விளையாடக் கூடாது.

அங்கேயே மீன்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இது தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை கரையில்தான். சின்னப் படகுகளில் வருகிற மீன் மட்டும் கிடைக்கும். நெத்திலி, சங்கரா, மத்தி என்று மூன்று பெயர் சொல்லிக்கொடு. "கூறு எவ்வளவும்மா?" என்று அவள் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குக் குழம்பு அவள் வாங்கிய மீனில்தான்.

ராத்திரிக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். நம் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலையம்மாள் கதை. 1927-ல் சென்னையில் வெள்ளைக்காரத் தளபதி நீல் என்பவனின் சிலையை எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் தன் சின்னப் பெண் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு சிறைக்குப் போனவர். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். காந்தி கடலூர் வந்தபோது, அஞ்சலையம்மாளைப் பார்க்க விடாமல் வெள்ளைக்காரன் தடுத்தான் என்றும், அவர் பர்தா போட்டுக்கொண்டு குதிரைவண்டியில் வந்து பார்த்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அதை நாடகமாகப் போடுவோம். நீ குதிரை, நான் போலீஸ், பாப்பா பர்தாவுக்குள். என் பழைய கறுப்புப் போர்வை இருக்கிறது. கூச்சமுள்ள பிள்ளைகள் முகம் மறைந்திருக்கும்போது தாராளமாகப் பேசுவார்கள். உனக்கும் அப்படித்தான், பீரோ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குப் பாட்டெல்லாம் பாடியிருக்கிறாய். போர்வையை எப்போது எடுப்பது என்பது அவள் இஷ்டம்.

ஒருநாள் சாயங்காலம் பாண்டிச்சேரி போகலாம். கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். பயமில்லாமல் ஓடலாம், பந்து உருட்டலாம். பஸ்ஸில் "பாண்டி, ரெண்டு முழு, ஒரு அரை" என்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது அவள் பொறுப்பு. குரல் எழும்பாமல் போனால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

உறவுக்காரர்கள் வருவார்கள். ஒரு பாட்டுப் பாடு, ஒரு டான்ஸ் ஆடு என்பார்கள். அப்போது நீ குறுக்கே வந்து, அவளுக்குத் தோன்றினால் பாடுவாள் என்று சொல்லிவிடு. "இவ பேச மாட்டா, ரொம்பக் கூச்சம்" என்று அவள் காதுபட யாரையும் சொல்ல விடாதே. உன் அக்காவிடமும் இதைப் பக்குவமாக நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் தப்பாக எடுத்துக்கொள்வாள். இந்தப் பத்து நாளில் பாப்பா தலைகீழாக மாறிவிடுவாள் என்று எண்ணாதே. அழுதுகொண்டே கடையிலிருந்து ஓடி வருகிற நாளும் இருக்கும். அன்றைக்கு மடியில் உட்காரவைத்துக்கொள், வேறு எதுவும் பேசாதே.

விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்கி வராதே, வீட்டில் இடமில்லை. பழைய டவுசர் இரண்டு எடுத்து வா, கடல் மண்ணில் நல்லது பாழாகும். உன் ஆயா காலத்து மரப்பெட்டிக்குப் பூட்டு ஒன்று வேண்டும், அதை மட்டும் வாங்கி வா. புளியங்கொட்டை டப்பா, கோலமாவு, கடைக் காசு எல்லாம் அதில் வைத்துச் சாவியைப் பாப்பாவிடம் கொடுக்கப்போகிறேன்.

பண்ருட்டி மாமாவிடமும் பேசினேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். பாப்பா வருகிறாள் என்றதும், எந்த நாள் என்று தேதி கேட்டார். அன்றைக்குக் கடையில் பத்துப் பழம் தட்டாமல் ஒதுக்கி வைப்பாராம்.

அன்புடன்,
அம்மா