அந்த நீல ஜாடியில் எனாமல் கிடையாது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் சீனத்துப் பெரிய பீங்கான் ஜாடிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஏலத்தில் எத்தனை கோடிக்குப் போனது என்பதிலேயே முக்கால் பக்கம் தீர்ந்துவிட்டது, எப்படிச் செய்தார்கள் என்பதற்கு நாலே வரி, அதிலும் தப்பு. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் படம். அதன் கீழே 'எனாமல் வேலைப்பாடு' (அதாவது, சுட்ட ஜாடிமேல் நிறக் கண்ணாடியை உருக்கி ஒட்டுவது) என்று போட்டிருக்கிறீர்களே, அது ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் நீல ஜாடி. 1717இல் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், பிரஷ்யா மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டார், அதில் வந்தது. (ஆளைக் கொடுத்து ஜாடி வாங்கிய இந்தக் கதையை எப்படித்தான் விட்டீர்களோ!) சுமார் ஒரு மீட்டர் உயரம், அழகுதான், ஆனால் சுடாத மண்மேலேயே கோபால்ட் என்ற நீலச் சாயத்தால் வரைந்து, மேலே கிளேஸ் என்கிற பளபளப்பான கண்ணாடிப் பூச்சு கொடுத்து ஒரே சூட்டில் எடுத்தது அது. எனாமல் கதை வேறு. சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்டெசென்னில் ஜாடியை முதலில் வெள்ளையாகவே 1300 டிகிரி வாக்கில் சுட்டு இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஈயம் கலந்த கண்ணாடிப் பொடியில் பச்சைக்குச் செம்பு, 1720களில் பிரபலமான அந்த ரோஜா நிறத்துக்குத் தங்கம் என்று சேர்த்துக் கிளேஸ் மேல் தீட்டி, 700, 800 டிகிரியில் மறுபடியும் சூளைக்குப் போகும். 'வண்ணம் அடித்தார்கள்' என்று நீங்கள் எழுதியது நிறக் கண்ணாடியை உருக்கி ஒட்ட வைக்கிற வேலையை.

'ஒரே துண்டாக வனைந்தது' என்பதும் சரியில்லை. ஆள் உயர ஜாடியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் யாராலும் இழுக்க முடியாது. துண்டு துண்டாக வனைந்து, ஓரளவு காய்ந்ததும் குழைத்த மண்ணால் ஒட்டி, வெளியே சீவி வழித்துவிடுவார்கள். உள்ளே கையை விட்டுத் தடவினால் பல ஜாடிகளில் ஒட்டு தட்டுப்படும். மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும், இரண்டு துண்டும் ஒரே மாதிரி சுருங்காவிட்டால் ஒட்டிய இடத்திலேயே விரிசல். இரண்டடி உயர உருப்படியைச் சூளைக்குள் வைத்த இரவே எங்களுக்குத் தூக்கம் வராது, அவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

'ஓர் ஓவியரின் கற்பனை' என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். 1712இல் ஜிங்டெசென் பீங்கான் வேலையைப் பற்றிக் கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு உருப்படி எழுபது பேர் கைமாறி வரும் என்கிறார். பூவுக்குக் கோடு இழுப்பது ஒருவர், நிறம் நிரப்புவது வேறொருவர்.

திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி எடுத்த படமாகத் தேடினால் நல்லது, எனாமல் பூ லேசாகப் புடைத்துக்கொண்டு தெரியும்.

இப்படிக்கு,
விருத்தாசலம் வாசகர்