உன் பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடு

அன்புள்ள கயல்,

ஐஸ்லாந்தில் படிக்கப் போன இடத்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை என்று போனில் சொன்னாயே, அதற்குப் பிறகுதான் ஐஸ்லாந்துப் பெயர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கூச்சப்படாதே. அங்கே ஜனாதிபதியையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நம்மைப் போலவே அவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு மகனுக்கு 'சொன்', மகளுக்கு 'தோத்திர்' சேர்ப்பார்கள். அதனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பின்பாதி வேறு. டெலிபோன் டைரக்டரிகூட முதல் பெயர் வரிசையில்தான். நீ அங்கே பிறந்திருந்தால் கயல் மாணிக்கம்ஸ்தோத்திர். ஏதோ கோயிலில் ஸ்தோத்திரம் சொல்வதுபோல இருக்கிறது! லண்டனில் உன்னை 'மிஸ் மாணிக்கம்' என்று என் பெயரால் கூப்பிட்ட தொல்லை அங்கே இருக்காது.

கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லையாம். இதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரேஷன் கார்டு முதல் பாங்க் புத்தகம் வரை இனிஷியலை மாற்ற அவள் அலைந்தது அவளுக்குத்தானே தெரியும். அம்மா பெயரைப் போட்டுக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு என்றேன். கொஞ்சம் சமாதானமானாள்.

அந்த ஊர்ப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1975 அக்டோபர் 24 அன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை இரண்டையும் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அப்பாக்கள் குழந்தைகளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். 1980-ல் விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். உலகத்தில் மக்கள் ஓட்டுப் போட்டு ஜனாதிபதியான முதல் பெண் அவர்தான். 16 வருடம் இருந்தார்.

தமிழ் வாத்தியாரான எனக்குப் பிடித்தது வேறு. நாலு லட்சத்தை எட்டாத மக்கள்தொகையை வைத்துக்கொண்டு, புதுப் பொருள் வந்தால் சொந்தச் சொல் செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு 'தோல்வா'. 'எண்' என்ற சொல்லையும் 'குறி சொல்பவள்' என்ற பழஞ்சொல்லையும் சேர்த்தது. எண்ணை வைத்துக் குறி சொல்கிறவள்! நம் 'கணினி' நல்ல சொல்தான், ஆனால் இவ்வளவு குறும்பு அதில் இல்லை. போனுக்கு 'சீமி'. நூலிழையைக் குறித்த பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

சரி, அம்மா கேட்டதற்கு வருகிறேன். வெந்நீரில் அழுகின முட்டை வாடை வருவது குழாய்க் கோளாறு இல்லை. பூமிக்கடியிலிருந்து வருகிற சூட்டுத் தண்ணீர், கந்தக வாடை. குளிக்கலாம். சமையலுக்குப் பச்சைத்தண்ணீரையே பிடி.

அப்புறம், அந்த ஊர் நீச்சல்குளத்தில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்தே ஆகவேண்டுமாம். எப்படிக் குளிக்கவேண்டும் என்பதை உன் அம்மா போனில் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா