அமிகேயோ என்று ஊருக்குப் பெயர் வைக்க நினைத்த மருத்துவருக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் வில்ஹெல்ம் மோலி அவர்களுக்கு,

போன வாரம் என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. கலமைன் லோஷனைப் பஞ்சில் தொட்டு அவள் முதுகில் ஒற்றி எடுக்கும்போது, பாட்டிலில் இருந்த பெயரைப் பார்த்து உங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது லா கலமின்; ஜெர்மன் பேசும் உங்கள் ஊராருக்குக் கெல்மிஸ். இரண்டுமே துத்தநாகத் தாதுவின் பெயர்தான். அந்தத் தாதுவைச் செம்போடு சேர்த்து உருக்கித்தான் அந்தப் பக்கத்தில் காலங்காலமாகப் பித்தளை செய்தார்கள்.

1816இல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் நெதர்லாந்தும் எல்லை பிரித்தபோது, உங்கள் ஊரின் துத்தநாகச் சுரங்கத்தை விட்டுக்கொடுக்க இரண்டுக்கும் மனம் வரவில்லை. சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பொதுவில் விட்டார்கள். அன்று அங்கே வெறும் 256 பேர். அந்த நிலத்துக்கு 'நடுநிலை மோரெஸ்னெட்' என்று பெயர்; மோரெஸ்னெட் என்பது எல்லைக்கோடு துண்டாக்கிய பழைய ஊரின் பெயர். வல்லரசுகள் ஒட்டிவிட்டுப் போனது. பிறகு நெதர்லாந்தின் இடத்துக்குப் பெல்ஜியம் வந்தது.

1880களில் தாது தீர்ந்தது. இனி இந்த ஊர் எதற்கு என்று வல்லரசுகள் கேட்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். 1886இல் தனித் தபால்தலை வெளியிட்டுப் பார்த்தீர்கள், தடுத்துவிட்டார்கள். 1908இல், எல்லா நாட்டாரும் பொதுவாகப் பேச உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியைப் பேசும் நாடாக்கி, 'அமிகேயோ' என்று பெயரிட முனைந்தீர்கள். 'அமிக்' என்றால் நண்பர், 'எய்' என்றால் இடம். நூலகம், உணவகம் என்று நாங்கள் 'அகம்' சேர்ப்பது போலத்தான். தமிழில் சொன்னால் நட்பகம்.

அந்த ஊருக்கு விழுந்த பெயர்களில், அங்கே வாழ்ந்தவர்கள் தாங்களாக விரும்பி எடுத்துக்கொள்ளப் பார்த்தது இது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு அது மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது.

முதல் உலகப் போர் வந்தது. 1919இல் நீங்கள் காலமானீர்கள். 1920 ஜனவரி 10 முதல் ஊர் பெல்ஜியத்துக்குச் சொந்தம்; இன்று அந்நாட்டின் வலோனியாப் பகுதியில் ஜெர்மன் பேசும் ஒரு நகராட்சி. வரைபடத்தில் நீங்கள் வைக்க நினைத்த பெயர் ஏறவில்லை. தாதுவின் பெயர்தான் நின்றது, ஒரு பூவிலும்கூட. மற்றச் செடிகள் தாக்குப்பிடிக்காத துத்தநாக மண்ணில் மஞ்சளாகப் பூக்கும் அந்தச் சிறு வயலட்டுக்குத் தாவரவியலார் வைத்த பெயர் வயோலா கலமினாரியா.

மகளுக்கு இப்போது தேவலை. 'அமிகேயோ' என்று அவள் நோட்டில் எழுதி, எதிரே 'நட்பகம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
தமிழ் வாசகி ஒருத்தி