எட்டாம் நம்பர் சட்டை

புளூம்ஃபீல்ட், நியூ ஜெர்சி
30.09.2015

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் பேரன் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டான். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். இதை நீங்கள் கடைசிவரை படிக்க வேண்டும்.

போன புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டு ஓனர் தாத்தா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யோகி போயிட்டார்" என்றார். யோகி என்றதும் யாரோ சாமியார் என்று நினைத்துவிட்டேன். அவர் சொன்னது யோகி பெர்ரா என்ற பேஸ்பால் ஆட்டக்காரரை. முந்தின நாள் ராத்திரி இறந்திருக்கிறார். வயது 90.

ஆனால் அந்தப் பெயர் நம் நாட்டிலிருந்து வந்ததுதான். இயற்பெயர் லாரன்ஸ் பீட்டர் பெர்ரா. இத்தாலியிலிருந்து செயின்ட் லூயிஸுக்குக் குடியேறிய குடும்பம், அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. பையன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டான். பேட் பிடிக்கத் தன் முறை வரும்வரை கைகால்களை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பானாம். இந்தியாவைப் பற்றிய ஒரு படத்தில் பார்த்த யோகி மாதிரியே இருக்கிறான் என்று கூட்டாளி ஒருவன் சொல்ல, அதுவே கடைசிவரை பெயராகிவிட்டது.

அவர் கேட்சர். உங்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும், அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். பந்து எறிகிறவருக்கு எதிரே, அடிக்கிறவருக்குப் பின்னால், முகத்துக்குக் கம்பி மூடி, நெஞ்சுக்கும் காலுக்கும் பேட் எல்லாம் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த பந்து எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி எறிகிறவருக்குச் சொல்வதும் அவர்தான். களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்பார்கள். கேட்சர் ஒருவர்தான் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முழு மைதானமும் அவர் கண்ணுக்குள் இருக்கும். நம் ஊர் ஹாக்கியில் நீங்கள் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றுகொண்டு "இடது பக்கம் ஆளே இல்ல பாரு" என்று கத்துவீர்களே, அதே வேலை. இங்கே கேட்சர்களில் நிறையப் பேர் பின்னால் அணியை நடத்தும் மேனேஜர் ஆகிறார்கள் என்று தாத்தா சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

1962இல் ஓர் ஆட்டம் 22 இன்னிங்ஸ் போயிருக்கிறது. சாதாரணமாக ஒன்பதுதான். ஏழு மணி நேரமும் கேட்சராக உட்கார்ந்து எழுந்தவர் யோகி, அப்போது அவருக்கு 37 வயது. உங்கள் மூட்டு வலிதான் ஞாபகம் வந்தது எனக்கு.

நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 18 வருஷம் ஆடி, பத்து வேர்ல்ட் சீரிஸ், அதாவது இங்கே வருஷாவருஷம் நடக்கும் பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடர், ஜெயித்திருக்கிறார். ஆட்டக்காரராக அத்தனை ஜெயித்தவர் வேறு யாரும் இல்லை. மூன்று தடவை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. குள்ளமாக, கட்டைகுட்டையாக இருப்பார், ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப்போரில், நார்மண்டியில் படைகள் இறங்கிய அன்று, கரைக்கு அருகே ராக்கெட் படகில் இருந்த மாலுமி அவர். இதையெல்லாம் அவர் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை என்கிறார் தாத்தா.

நேற்று மான்ட்கிளேர் மாதா கோயிலில் இறுதிச் சடங்கு. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஜனம் நின்றது. யோகியின் எட்டாம் நம்பர் போட்ட பழைய சட்டை, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போனது, அதைப் போட்டுக்கொண்டு கைத்தடியோடு வந்தவர்களைப் பார்த்தேன். உள்ளே ஜோ டோரி பேசினார். அவரும் கேட்சராக இருந்து மேனேஜரானவர்.

வெளியே நின்றவர்கள் அழுதுகொண்டு மட்டும் இல்லை அப்பா, துட்டி வீட்டு வாசலில் பெரியவர்கள் பேசிக்கொள்வது போலப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். யோகி சொன்னதாகச் சொல்லப்படும் வாசகங்கள் நிறைய உண்டு, ஆளுக்கொன்று எடுத்துவிட்டார்கள். "பாதை ரெண்டாப் பிரிஞ்சா, அதுல போ." மான்ட்கிளேரில் இருந்த தன் வீட்டுக்கு அவர் சொன்ன வழி இது, எந்தப் பக்கம் போனாலும் வீடு வந்துவிடுமாம். செயின்ட் லூயிஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, இதில் உங்களை எங்கே அடக்கம் செய்யட்டும் என்று அவர் மனைவி கார்மென் ஒருமுறை கேட்டதற்கு, "முன்னாடியே சொல்லாத, எனக்கே தெரியாம செய்" என்றாராம். அந்தம்மா போன வருஷம் முந்திக்கொண்டார். 65 வருஷத் தாம்பத்யம்.

1956 அக்டோபரில் டான் லார்சன் என்பவர் வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்தில் எதிரணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார், ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொட விடவில்லை. வேர்ல்ட் சீரிஸில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். விரல் காட்டிக்கொண்டிருந்தவர் யோகி. முடிந்ததும் ஓடிப்போய்க் குழந்தை மாதிரி லார்சன் இடுப்பில் ஏறிக்கொண்டார். அன்று தாத்தாவுக்கு 11 வயது, ரேடியோவில் கேட்டாராம். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்து எட்டு மாசத்தில் இவ்வளவு மனசுவிட்டு என்னிடம் யாரும் பேசியதில்லை.

அப்புறம் அவர் மேனேஜராக இருந்த கதை. இதற்காகத்தான் கடிதமே. 1964இல் யாங்கீஸை வேர்ல்ட் சீரிஸ்வரை கொண்டுபோனார், கடைசி ஆட்டத்தில் தோற்றதும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1973இல் நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்கு மேனேஜராக இருந்தார், அது கடைசி இடத்தில் கிடந்தபோது "முடியிற வரைக்கும் முடியல" என்று சொல்லி, மறுபடி வேர்ல்ட் சீரிஸுக்கு ஏற்றிவிட்டார். 1984இல் யாங்கீஸ் திரும்பக் கூப்பிட்டது. அடுத்த வருஷம் 16 ஆட்டம் முடிந்ததுமே எடுத்துவிட்டார்கள். முதலாளி ஸ்டைன்பிரென்னர் தானே வந்து சொல்லவில்லை, வேறோர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். வேலை போனதைவிட அதுதான் யோகிக்குப் பொறுக்கவில்லை. 14 வருஷம் யாங்கீஸ் ஸ்டேடியத்தில் கால் வைக்கவில்லை. 1988இல் அவருக்கு அங்கே நினைவுப் பலகை வைத்தபோதும் போகவில்லை.

நம் கிளப்பில் உங்களை "இனிமே கோச்சிங்குக்கு வர வேண்டாம்" என்று, நீங்களே கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த பையனிடம் சொல்லி அனுப்பினார்களே அப்பா. அன்றைக்கு நீங்கள் விசிலைக் கழற்றிப் பரண்மேல் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துத் தெரு வழியாகத்தான் மில்லுக்குப் போனீர்கள். நீங்கள் கோபப்பட்டது தப்பென்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை.

1999 ஜனவரியில் ஸ்டைன்பிரென்னர் யோகியின் பெயரில் உள்ள மியூசியத்துக்கே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். "பத்து நிமிஷம் லேட்" என்றுதான் வரவேற்றாராம் யோகி. ஆனால் மன்னித்துவிட்டார். அந்த ஜூலை 18ஆம் தேதி ஸ்டேடியத்தில் அவருக்கு விழா எடுத்தார்கள். லார்சன் முதல் பந்தை எறிய, யோகி பிடித்தார். அதன்பிறகு நடந்த ஆட்டத்தில் யாங்கீஸுக்காகப் பந்து எறிந்த டேவிட் கோன் என்பவர் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். 1956இல் நடந்தது போலவே, யோகியின் கண்ணெதிரே! தாத்தா அன்று ஸ்டேடியத்தில் இருந்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் ஆட்டத்தைப் பாதி, யோகி உட்கார்ந்த பக்கத்தைப் பாதி என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கிளப் செயலாளர் இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்ததாகத் தம்பி சொன்னான். டிசம்பர் போட்டிக்கு உங்களைக் கூப்பிடத்தான் வந்தாராம். இரண்டு தடவையும் நீங்கள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டீர்களாம். ஆள் அனுப்பவில்லை அப்பா, அவரே வந்திருக்கிறார். மூன்றாம் தடவை வந்தால் எழுந்து உட்காருங்கள். திட்ட வேண்டியதைத் திட்டுங்கள். அப்புறம் அம்மாவை காபி போடச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் நண்பர் நவம்பரில் மதுரை வருகிறார். மூட்டுக்குப் போடுகிற உறை இரண்டு கொடுத்து அனுப்புகிறேன், விளையாட்டுக்காரர்கள் போடுகிறது. விசிலைப் பரணிலிருந்து எடுக்கத் தம்பியை ஏறச் சொல்லுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்