செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: ஸ்டார்ஃபைண்டர் ஆடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 இல் 9 போயா நாட்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், கூடி ஸ்டார்ஃபைண்டர் என்ற கதையாட்டம் ஆடினோம். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு வேலைகள், மே மாதம் வெசாக் நெரிசல், இரண்டுக்காகவும் விட்டுவிட்டோம். டிசெம்பரில் ஏன் கூடவில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு பாதையும் இல்லை, ரயிலும் இல்லை. புதிய நூல்கள் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை நிவாரணத்துக்குக் கொடுப்பதென்று செயற்குழு தொலைபேசியிலேயே பேசி முடிவெடுத்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி ஆடும் இந்த வகைக்கு 1974 இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் மூத்தது. ஸ்டார்ஃபைண்டர் 2017 இல் அமெரிக்காவின் பைஸோ நிறுவனம் வெளியிட்டது. விண்கப்பலும் உண்டு, மந்திரமும் உண்டு. லேசர் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் தெய்வத்திடம் வரம் வாங்கியவர் நிற்பார். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை 20 முகத் தாயக்கட்டை சொல்லும்.

இந்தக் கலப்பு நம் ஆட்களுக்குப் பழகுமா என்று ஜனவரியில் எனக்குப் பயம் இருந்தது. மார்ச்சோடு அது போய்விட்டது. தன் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன் ரதி கதையை விரதமிருந்து ஆடும் காமன் கூத்தில் வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டும் அண்ணன் அன்றுதான் முதல்முறை வந்தார். ஆட்டத்தில் வரும் நாலு கை உள்ள கசாத்தா இனத்தைத் தேர்ந்தார். விதி எதுவும் கேட்கவில்லை. ஒரு கையில் வாள், ஒரு கையில் விளக்கு, மற்ற இரண்டும் கும்பிட்டபடி என்று உட்கார்ந்த இடத்திலேயே காட்டினார். “விரதம் மட்டுந்தான் இல்ல, மத்ததெல்லாம் நம்ம கூத்துதானே” என்றார். பாத்திரத்துக்குள் எப்படிப் போவது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்த மாணவர்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆண்டின் பெரிய பேச்சு ஜூனில் வந்தது. இந்தக் கதையுலகில் கொலாரியன் என்றொரு கோள் இருந்தது. இப்போது அந்த இடத்தில் அப்சலம் என்ற விண்நிலையம்தான் சுற்றுகிறது. கோள் எங்கே என்று தெய்வங்களைக் கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் ஏடுகளும் நினைவுகளும் எல்லோரிடமிருந்தும் அழிந்து போயிருக்கின்றன. ஆங்கிலத்தில் கேப் என்கிறார்கள். நாம் மறதிக்காலம் என்று வைத்துக்கொண்டோம். அது முடிந்ததிலிருந்துதான் ஆண்டு எண்ணுகிறார்கள், முதல் பதிப்பின் கதை 317 ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

இதை வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் நம் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார்: “எங்க அப்பாயி எந்த ஊருன்னு கேட்டா துறையூர்ப் பக்கம்னுதான் சொல்லுவாங்க. பக்கம்னா எந்தப் பக்கம்? அதுக்கு மேல கேக்க ஆளில்ல.” அன்று தாயக்கட்டை உருளவே இல்லை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மலையகத் தமிழரில் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போனவர்கள், 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டவர்கள், பத்திரம் கேட்டபோது காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லாதவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக் கதையும் வெளியே வந்தது. அந்த மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களைப் பற்றியும் பேசினோம்.

ஜூலை ஆட்டத்தைக் கதைசொல்லி அதிலிருந்தே கட்டினார். மறதிக்காலத்துக் கப்பலொன்றில் பாதி எரிந்த செக்ரோல், அதாவது தோட்டத்தில் தொழிலாளர் பெயர் பதியும் பேரேடு, கிடைக்கிறது. யாரும் யாரையும் சுடவில்லை. மூன்று மணி நேரமும் அதில் எஞ்சிய பெயர்கள் யாருடையவை என்று தேடுவதிலேயே போனது. இந்த ஆண்டில் நாம் ஆடியதில் அதுவே சிறந்தது என்பது என் கருத்து.

எல்லோருக்கும் அப்படியில்லை. கொட்டகலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்து வரும் தம்பி நேராகவே கேட்டார்: “லயத்த விட்டு நாலு மணி நேரம் வெளிய போகத்தான் இங்க வர்றேன், இங்கயும் அதேதானா?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓகஸ்டிலிருந்து இரண்டு மேசை போட்டோம். ஒன்றில் கப்பலும் சண்டையும் மட்டும்.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, லீவு கிடைக்கும் போயாக்களில் மட்டும் வரும் தங்கையைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். அவர் எடுத்தது ஷிரென் இனம். பூச்சி உருவம் கொண்டவர்கள். முன்பு ஒரே மனமாக இயங்கும் பெருங்கூட்டத்தின் பகுதியாக இருந்து, பிரிந்து வந்து தனித்தனி ஆளானவர்கள். அதனால் எதையாவது தாமே தேர்ந்தெடுப்பது என்றாலே அவர்களுக்குப் பேரின்பம். இடது கதவா வலது கதவா என்று கேட்டால் போதும், அந்தத் தங்கையின் முகம் மலர்ந்துவிடும். மணியடித்தால் எழுந்து மணியடித்தால் சாப்பிடும் வாழ்க்கையில் யாரும் தன்னிடம் எது வேண்டும் என்று கேட்டதில்லை என்று செப்டெம்பரில் சொன்னார். அன்றிலிருந்து கதைசொல்லி அவருக்கு எப்போதும் இரண்டு வழியாவது வைக்கிறார்.

ஸ்டார்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு 2025 இன் நடுவில் வெளிவந்தது. ஒரு முறைக்கு மூன்று செயல்கள் என்ற புதிய விதி எல்லோருக்கும் பிடித்தது. கற்றுக்கொடுக்கப் பாதி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் மெக்கானிக் வகுப்பு, அதாவது இயந்திரம் பார்க்கும் பாத்திர வகை, முதன்மை நூலில் இல்லாதது பெரிய குறை. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் நம் உறுப்பினர் தன் பழைய பாத்திரத்தைக் கொண்டுவர முடியாமல் இரண்டு ஆட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஓய்ந்தால் தெம்பு திரும்பும் பழைய விதியும் போய்விட்டது என்று அவருக்கு வருத்தம். சரி, ஒரு மேசை முதல் பதிப்பிலேயே தொடரட்டும் என்று விட்டோம். விதிகள் இணையத்தில் இலவசமாக இருப்பதால் இதற்குச் செலவில்லை.

ஆட்டத்தின் சொற்களுக்கு நாம் செய்யும் தமிழ்ச் சொற்பட்டியல் பாதியில் நிற்கிறது. இனங்கள் முடிந்தன, மந்திரங்கள் மிச்சம். காமன் கூத்து அண்ணன் பாட்டுக்களிலிருந்து சொல் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்து வேலைக்கு இன்னும் இருவர் தேவை, கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அந்தச் செக்ரோலில் இன்னும் ஏழு பெயர்களுக்கு ஆள் தெரியவில்லை. பாதை திறந்து எல்லோரும் வரக்கூடிய முதல் போயாவில் அங்கிருந்து தொடர்வோம்.

செயலாளர்